நிலவறையில் பிறந்த இசைத்தட்டு! கம்பெனிக்குத் தெரியாமல் வீட்டிலேயே பதிவு செய்த இஞ்சினீயர்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை ஒட்டி வாட்டர்டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1970-ம் ஆண்டுகளில் அங்கே ஒரு வாடகை வீட்டின் அடியில், சின்ன நிலவறை ஒன்றில், கிதார் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வாசித்தவர் தொழில் முறைப் பாட்டுக்காரர் அல்ல. அவர் ஒரு இஞ்சினீயர்!

பெயர் டாம் ஷோல்ஸ். ஆறடி ஐந்து அங்குல உயரம். எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற கல்லூரியில் இஞ்சினீயரிங் படித்து, எம்.எஸ். பட்டம் வாங்கியவர். போலராய்டு காமிரா கம்பெனியில் அவருக்கு நல்ல வேலை. சிறு வயதில் பியானோ கற்றிருந்தார். கிதாரைக் கையில் எடுத்ததோ கல்லூரிக்குப் போன பிறகுதான்.

பகலில் காமிரா கம்பெனி. வேலை முடிந்தால் நிலவறை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒலிப்பதிவுக் கருவிகளில் போட்டார்.

அந்த நிலவறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டைச் சூடாக்கும் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலை. அவ்வளவுதான் இடம். அவ்வப்போது தண்ணீர் வேறு புகுந்துவிடும். ஆர்கன் பெட்டியும் டிரம்மும் ஒரே சமயத்தில் அங்கே இருக்க முடியாது. ஆர்கன் வாசிக்க வேண்டும் என்றால் டிரம்மைப் பிரித்து ஓரம் கட்டிவிட்டு, பெட்டியை வெளியே இழுக்க வேண்டும்!

ஒரே ஆள், ஒரு கோஷ்டி

வாசகர்கள் கேட்கலாம்: தனி ஆளாக இருந்துகொண்டு ஒரு கோஷ்டியின் பாட்டை எப்படிப் பதிவு செய்தார்?

ஒருவரே நாதசுரமும் ஊதி, தவிலும் அடித்து, தாளமும் போட முடியுமா? முடியாது. ஆனால் ஒவ்வொன்றாகச் செய்யலாம் அல்லவா? முதலில் தாளத்தை மட்டும் டேப்பில் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைக் காதில் கேட்டுக்கொண்டே, அதே டேப்பின் அடுத்த வரிசையில் தவிலை அடிக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் நாதசுரம். எல்லா வரிசைகளையும் சேர்த்து ஓட்டினால், ஒரு கோஷ்டியே உட்கார்ந்து வாசிப்பது போலக் கேட்கும். ஷோல்சிடம் இருந்த இயந்திரத்தில் இப்படிப் பன்னிரண்டு வரிசைகள் இருந்தன.

இந்த வித்தையில் அவருக்கு முன்னோடி லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிதார் வித்துவான். வீட்டுக் கார் கொட்டகையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்டவர். எட்டுக் கிதார்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு பாட்டை 1948-ல் வெளியிட்டார். எட்டையும் வாசித்தவர் அவர் ஒருவரே!

இசைத்தட்டுக் கம்பெனிகள் ஷோல்சைச் சீந்தவில்லை. மாதிரி டேப்புகளை அனுப்பினார், திரும்பி வந்தன. மறுபடி அனுப்பினார், மறுபடியும் ‘வேண்டாம்’ என்றார்கள். ஒரு பாட்டைத் திருத்தித் திருத்தி முடிக்க அவருக்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆயின.

அவருக்குத் துணையாக இருந்தவர் பிராட் டெல்ப் என்ற பாடகர். அவரும் பகலில் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான். எட்டாத உச்சத்தையும் எட்டும் குரல் அவருக்கு!

ஜன்னல் வழியே கம்பி

கடைசியில் எபிக் என்ற கம்பெனி ஒப்பந்தம் போட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. ‘வீட்டில் பதிவு செய்தது உதவாது. எல்லாவற்றையும் பெரிய ஸ்டூடியோவில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்!’

கம்பெனியார் விரும்பியதே நிலவறையில் பிறந்த ஒலியைத்தான். அதையே வேண்டாம் என்றால் என்ன செய்வது? ஒப்புக்கொண்டால் அந்த ஒலி போய்விடும். மறுத்தால் ஒப்பந்தமே போனாலும் போய்விடும்.

தயாரிப்பாளராக வந்த ஜான் பாய்லன் ஒரு தந்திரம் செய்தார். கோஷ்டியில் மற்றவர்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு அழைத்துப் போய் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது என்று கம்பெனி நம்பிக்கொண்டிருந்தது. மூவாயிரம் மைலுக்கு அப்பால், ஷோல்ஸ் தம்முடைய நிலவறையில் மற்றப் பாட்டுகளை முடித்துக்கொண்டிருந்தார்!

பிறகு வீட்டு வாசலில் ஒரு ஒலிப்பதிவு வண்டி வந்து நின்றது. நிலவறை ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டு, டேப்பில் இருந்ததை எல்லாம் வண்டியில் இருந்த பெரிய இயந்திரத்துக்கு மாற்றினார்கள். அதை லாஸ் ஏஞ்சல்சுக்குக் கொண்டுபோய் டெல்பின் குரலைச் சேர்த்தார்கள்.

1976 ஆகஸ்டில் ‘பாஸ்டன்’ என்ற பெயரில் இசைத்தட்டு வெளிவந்தது. ஐந்து வருஷம் செதுக்கிய பாட்டு, விற்பனைப் பட்டியலில் ஐந்தாவது இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் இதுவரை ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கு மேல் அந்த இசைத்தட்டுக்குக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

புகழ் வந்த பிறகு அவர் அவசரக்காரராக மாறிவிடவில்லை. இரண்டாவது இசைத்தட்டு 1978-ல் வந்தது. மூன்றாவதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின! தாமதம் என்று கம்பெனி வழக்குப் போட்டது. வருஷக் கணக்கில் நடந்த வழக்கில், 1990-ல் ஷோல்ஸ் பக்கம் தீர்ப்பு ஆயிற்று. இதற்கிடையில், 1982-ல், இஞ்சினீயர் மூளை ஒரு சின்னப் பெட்டியையும் செய்தது. பெயர் ராக்மேன். கிதாரை அதில் மாட்டி, காதில் ஒலிப்பானை வைத்துக்கொண்டால், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் நடு இரவிலும் வாசிக்கலாம். வீட்டில் வாசிப்பவரின் கஷ்டம் அவருக்குத் தெரியாதா, என்ன!

கட்டிலில் உட்கார்ந்து பாடிய தங்கை

பன்னிரண்டு வரிசை இயந்திரம் வாங்க ஷோல்ஸ் சம்பளத்தைக் கரைத்தார். இன்று சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே நூறு வரிசைகளுக்கு மேல் பதியலாம். 2004 முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரோடு இதற்கான சாதனத்தைச் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

அதன் பலனை லாஸ் ஏஞ்சல்சில் ஒரு வீட்டில் பார்க்கலாம். அண்ணன் பினியஸ், தங்கை பில்லி ஐலிஷ். 2015-ல் அண்ணனுக்கு வயது 18, தங்கைக்கு 13. அண்ணனின் படுக்கை அறையில் ஒரு பாட்டைப் பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். தங்கையின் நடன ஆசிரியருக்கு ஆடுவதற்குப் பாட்டு வேண்டியிருந்தது, அதற்காகச் செய்தது! அது ஊரெல்லாம் பரவிவிட்டது.

2019-ல் வந்த முதல் முழு இசைத்தட்டையும் அதே அறையில்தான் செய்தார்கள். தங்கை கட்டிலில் உட்கார்ந்து பாடுவாள். அண்ணன் மேஜை முன் உட்கார்ந்து பதிவு செய்வான். மறு ஆண்டு கிராமி விருது விழாவில், 18 வயதுப் பில்லிக்கு ஐந்து பரிசுகள்!

அந்த இசைத்தட்டைக் கூர்ந்து கேட்டால் வேடிக்கையான சத்தங்கள் காதில் விழும். ஆஸ்திரேலியாவில் சாலையைக் கடக்கும் இடத்தில் ‘டக் டக்’ என்று அடிக்கும் விளக்குக் கம்பத்தின் சத்தம் ஒன்று. அதைப் பிடித்து வந்து தாளமாக வைத்துவிட்டார்கள். இன்னொன்று, பல் வைத்தியரின் ராவும் கருவி. பில்லியின் பல்லை ராவும்போதே அதையும் பதிவு செய்துகொண்டார்கள்!