தாய்க்கு முடக்கு வாதம்: மகளுக்கும் வருமா?

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. சொம்பைத் தூக்க முடியவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை.

இதுதான் முடக்கு வாதம். கை, கால்களில் உள்ள சிறு மூட்டுகளை இது பெரும்பாலும் முதலில் தாக்கும். மூட்டுகள் வீங்கும். கவனிக்காமல் விட்டால் விரல்கள் கோணிப் போகும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம்.

தாய் படும் பாட்டைப் பார்க்கும் மகளுக்கு ஒரு பயம் வருகிறது. "இது எனக்கும் வந்துவிடுமோ?"

காவல் படையின் தவறு

நம் உடலில் ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க் கிருமிகள் நுழைந்தால் அவற்றை அழிப்பது அதன் வேலை. முடக்கு வாதத்தில் அந்தப் படை ஆள் தெரியாமல் அடிக்கிறது. சொந்த மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது.

முகச்சாயலைப் போலவே இந்தக் காவல் படையின் அமைப்பும் பெற்றோரிடமிருந்து வருகிறது. அதைக் கொண்டு வருபவை மரபணுக்கள். எதிரி யார் என்று படைக்கு அடையாளம் காட்ட உதவும் மரபணுக்களுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர்.

அமெரிக்காவில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்ற டாக்டர் 1978-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். முடக்கு வாத நோயாளிகளில் 100-க்கு 70 பேரிடம் எச்.எல்.ஏ.யில் ஒரே வகை காணப்பட்டது. அதன் பெயர் டி.ஆர்.4. நோய் இல்லாதவர்களிலும் 100-க்கு 28 பேரிடம் அது இருந்தது!

அந்த வகை இருந்தால் ஆபத்து கூடும். ஆனால் நோய் வந்தே தீரும் என்பது இல்லை.

இரட்டைப் பிள்ளைகள்

உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரட்டையருக்கு மரபணுக்களும் ஒன்றுபோல் இருக்கும். அவர்களில் ஒருவருக்கு முடக்கு வாதம் வந்தால் மற்றவருக்கும் வர வேண்டும் அல்லவா?

பிரிட்டனில் இதைச் சோதித்தார்கள். 1993-ல் முடிவு வெளியாயிற்று. 100 ஜோடிகளுக்குச் சுமார் 15 ஜோடிகளில்தான் இருவருக்கும் நோய் இருந்தது. மற்ற ஜோடிகளில் ஒருவர் தப்பித்திருந்தார்!

அப்படியானால் மரபணு மட்டும் காரணம் அல்ல.

சிகரெட்டின் வேலை

இன்னொரு காரணம் சிகரெட். புகை, நுரையீரலில் உள்ள சில புரதங்களை மாற்றுகிறது. மாறிய புரதத்தைக் காவல் படை எதிரி என்று எண்ணிவிடுகிறது.

2006-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி வெளிவந்தது. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என இரண்டு ஆபத்தான மரபணுக்கள் பெற்றவர் சிகரெட்டும் பிடித்தால் என்ன ஆகும்? முடக்கு வாதத்தின் ஒரு முக்கிய வகை வரும் ஆபத்து, இரண்டும் இல்லாதவரைவிட 21 மடங்கு!

பெற்றோர் தந்த மரபணுவை மாற்ற முடியாது. சிகரெட்டைத் தூக்கி எறிய முடியும்.

குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலையில் கை விறைப்பு ஒரு மணி நேரம் நீடிக்கிறதா? விரல் மூட்டுகள் வீங்குகின்றனவா? உடனே டாக்டரிடம் போக வேண்டும். இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே சாப்பிட்டால், தாயின் விரல்கள் கோணியது போல் மகளின் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம்.