கால்ஃப் போர்டில் எந்த எண்ணைப் போடணும்?

செஞ்சி பக்கம் தளவானூர்ல மகேந்திரவர்மன் குடைஞ்ச கோயில் இருக்கு. யார் குடைஞ்சது, கோயில் பேர் என்னன்னு கல்வெட்டு அங்கேயே சொல்லிடும். கால்ஃப் கிளப் நோட்டீஸ் போர்டும் அப்படித்தான் இருக்கணும்.

ஹேண்டிகேப்னா திறமை வித்தியாசத்தை ஈடுகட்ட ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக் சலுகை. 2020-ல் வந்த உலக முறைப்படி, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ வைத்து ‘இண்டெக்ஸ்’ போடுவாங்க. உச்சம் 54.

குழப்பம் இங்கதான். இண்டெக்ஸை அப்படியே வச்சு யாரும் ஆடறதில்லை. அதை மைதானத்தின் ஸ்லோப்பால் பெருக்கி, 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வருவதைக் கூட்டணும். உங்க இண்டெக்ஸ் 18.4-னு வைங்க. ஸ்லோப் 125, ரேட்டிங் 71.2, பார் 72 என்றால் 20 ஸ்ட்ரோக். ஸ்லோப் 113, ரேட்டிங் 70, பார் 72 என்றால் 16தான். ஆக, கிண்டியில் ஒரு எண், கொடைக்கானலில் வேறொரு எண் வரலாம்.

அதனால போர்டில் இண்டெக்ஸ் மட்டும் போதாது. பக்கத்திலேயே ஒவ்வொரு டீக்கும் உரிய கோர்ஸ் ஹேண்டிகேப், கணக்கிட்ட தேதி இரண்டும் வேணும். ‘+2’ன்னு இருந்தா அவர் 2 ஸ்ட்ரோக் திருப்பித் தரும் கெட்டிக்காரர், புதுசா வர்றவங்க தலைகீழா புரிஞ்சுக்குவாங்க, அதையும் கீழே ஒரு வரியில் எழுதிடுங்க.

எந்த 8 ஆட்டம் கணக்கில் சேர்ந்ததுன்னு உறுப்பினர்கள் பார்க்க முடிஞ்சா இன்னும் நல்லது. ‘வேணும்னே மோசமா ஆடி சலுகையை ஏத்திக்கிட்டார்’ங்கிற சந்தேகம் வந்தா, வாய்ச்சண்டை போடாம கணக்கைப் பார்த்தே பேசலாம்.