உத்தரமேரூர்க் குடவோலையும் குடித்தொகையும்

தொண்டைநாட்டுச் சிற்றூர்களுள் உத்தரமேரூரைப்போல் தன் வரலாற்றைத் தானே கல்லில் எழுதிவைத்துக்கொண்ட ஊர் பிறிதொன்று காண்டல் அரிது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்தோடு நின்றுவிட்டது. பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் பிரமதேயமாகத் தோன்றி, காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனச் சோழர் கல்வெட்டுகளில் வழங்கியது. ஊரின் பேரேரிக்கு வைரமேக தடாகம் என்பது பெயர்.

முதற் பராந்தகனுடைய 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வைகுந்தப் பெருமாள் கோயிலில் வெட்டப்பெற்ற இரு கல்வெட்டுகளும் அறிஞர் பலரால் ஆராயப்பட்டவை. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் 1932லேயே இவ்வூராட்சியை விரிவாக எடுத்துரைத்தார். எனினும் ஆட்சிமுறையை வியந்த அளவிற்கு, அம்முறையை இயக்கிய மக்கள் எத்துணையர், எவர் என்பதில் நம்மவர் கருத்துச் செலுத்தவில்லை. ‘ஊரார் அனைவரும் வாக்களித்தனர்’ என்று மேடைகளிலும் பாடநூல்களிலும் கூறப்படுவது அக்குறையின் பயனே.

கல்வெட்டு கூறுவது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டே. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓர் ஓலை எடுப்பித்தனர். இவ்வாறு பெற்ற 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியமும், 12 பேர் தோட்ட வாரியமும், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியமும் ஆயினர். பஞ்சவார வாரியத்திற்கும் பொன் வாரியத்திற்கும் அவ்வாறே 12 சேரிகளினின்றும் 12 பேர் எடுக்கப்பட்டனர். ஆக ஆண்டுக்கு 42 பேர் வேண்டியிருந்தது.

ஈண்டு ஒரு விதி நமக்குப் பெரிதும் உதவுகின்றது. வாரியம் செய்தொழிந்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் குடவோலைக்கு உரியராகார். எனவே ஓராண்டு பணிபுரிந்தவர் ஐந்தாம் ஆண்டிலேயே திரும்ப இயலும். அவ்விதி வழுவாது நடந்திருப்பின், ஊரில் எப்பொழுதும் நான்கு தொகுதியாளர், அஃதாவது 168 பேரேனும் தகுதியுடையராய் இருந்திருத்தல் வேண்டும். குடத்தில் ஒரே ஓலை கிடப்பின் குலுக்குவதற்குப் பொருளில்லை. குடும்புதோறும் இன்னும் ஒருவரைக் கூட்டினால் தொகை 198 ஆகும். அத்தகுதியுடையாரோ கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தம் மனையில் எடுத்த வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவர். ஒரு வேதமும் பாடியம் ஒன்றும் வல்லார்க்கு அரைக்கால் நிலமே போதும் என்ற தளர்வு உண்டு. தம் மனையில் வீடு என்ற நிபந்தனையால், தகுதியுடையார் ஒருவர்க்கு ஓர் இல்லம் எனக் கொள்வது பெரிதும் பிழையாகாது. இல்லத்துக்கு ஐவர் எனக் கருதின் நிலமுடைய இவ்வகுப்பார் ஏறத்தாழ ஆயிரவர். இது கீழெல்லையே, மேலெல்லை கூறக் கல்வெட்டு இடந்தரவில்லை.

கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய தந்தை, மக்கள், உடன்பிறந்தார், மாமன், மருமகன், சிற்றன்னை பெரியன்னையர் மக்கள் முதலியோரும் விலக்கப்பட்டனர். மணத்தொடர்பால் பின்னிக் கிடந்த சிற்றூரில் ஒருவர் தவறினால் ஒரு குடும்பே வறிதாகியிருக்கக்கூடும். 919இல் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த வயதெல்லை, இரண்டாண்டிற்குள் 35க்கு மேல் 70க்குள் என மாற்றப்பட்டது. முப்பதாண்டு இடைவெளி முப்பத்தைந்தாயிற்று. முதிர்ந்தாரை விரும்பியமை இதன் காரணமாகலாம். ஓலை எழுத ஆள் போதாமையும் ஒரு காரணமாகலாம் என்பது எம் ஐயம்.

குடத்திற்குப் புறத்தே நின்றவர் எத்துணையர்? நிலத்தை உழுதவரும், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவரும், பெண்டிரும் ஓலையில் இடம்பெற்றமைக்குச் சான்றில்லை. எனினும் பொன்னின் மாற்றுக் காண்பாரைத் தெரிந்தெடுத்தபோது மாடவீதியாரோடு சேனையாரும், எண்ணெய் வணிகர் வாழ்ந்த சங்கரப்பாடியாரும் குறிக்கப்படுகின்றனர். கட்டளைக்கல்லில் பொன்னை உரைத்து அறியும் திறத்திற்கு வேதப் பயிற்சி வேண்டப்படவில்லை போலும்.

குடிகளை வீடுவீடாக எண்ணும் வழக்கம் இந்நாட்டில் மிகப் பிற்பட்டது. ஆர்க்காட்டு நவாபு 1763இல் ஆங்கிலக் கும்பினிக்கு அளித்த செங்கற்பட்டுச் சாகீரில், தாமசு பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தபோது, வீடுகள் தொழில்வாரியாகப் பதியப்பட்டன. உத்தரமேரூர்ச் சீமையும் அச்சாகீரில் அடங்கியதே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இப்பேரூராட்சியின் மக்கள் ஏறத்தாழ 25,000. இன்றைய வட்டாரங்கள் 18. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களுள் பாதி பெண்டிர்க்கு உரியவை.

பழைய குடும்புகள் முப்பதும் ஊரின் எப்பகுதிகளில் இருந்தன என்று காணும் பணி முதுகலை மாணவர்க்கு ஏற்றது. இவ்வூர் நிலவிற்பனைக் கல்வெட்டுகள் வதி, வாய்க்கால், கண்ணாறு, சதிரம் என்னும் வரிசையில் நிலத்தின் இடத்தைத் துல்லியமாகச் சுட்டுகின்றன. அவற்றை இன்றைய புல எண்களோடு பொருத்திப் பார்த்தல் அப்பணிக்குத் தக்க தொடக்கமாகும்.