முதலில் படிக்க வேண்டிய ஜப்பானியச் சொல்

அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது கொமரலிங்கம். ராஜவாய்க்கால் தண்ணீரும் நெல் வயலுமாக உள்ள இந்த ஊருக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கக் கூடும். சம்பந்தம் உண்டு. திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் 'ஓவர்லாக்' ஓட்டும் பெண்ணிடம் போய், "அம்மிணி, இது என்ன மெஷின்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜூக்கிங்க" என்பாள், இல்லாவிட்டால் "பெகாசஸுங்க" என்பாள். முன்னது டோக்கியோக் கம்பெனியின் பெயர். பின்னது ஒஸாகாக் கம்பெனியின் பெயர்.

இத்தனை காலமாக மெஷின்தான் அங்கிருந்து இங்கே வந்தது. இப்போது இங்கிருந்து ஆள் அங்கே போவதற்கும் வழி திறந்திருக்கிறது. காரணம் எளிது. ஜப்பானியர்களில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். வேலை இருக்கிறது, செய்யக் கைகள் போதவில்லை. ஆகவே 2019 ஏப்ரலில் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' என்று புதிய விசா ஒன்றை அந்நாடு ஏற்படுத்தியது. 2021 ஜனவரியில் இந்தியாவுடன் இதற்காக ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நெசவுத் தொழிலையும் தையல் தொழிலையும் இந்த விசாவில் சேர்ப்பதென்று 2024 மார்ச்சில் முடிவு செய்தார்கள்.

சரி, கொமரலிங்கத்துப் பெண் ஒருத்தி ஜப்பானுக்குப் புறப்படுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். அவள் தாயாருக்கு எத்தனை கவலை! "அங்கே சோறு கிடைக்குமா, கண்ணு? பாஷை தெரியாமல் எப்படிப் பிழைப்பாய்?"

பாஷையைப் பற்றி அந்தத் தாயார் அவ்வளவு பயப்பட வேண்டாம். ஆங்கிலேயன் தலைகீழாக நின்று கற்க வேண்டியது நமக்குச் சுலபமாக வரும். வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "டோக்கியோவுக்குப் போகிறேன்" என்பதை அவர்கள் "டோக்கியோ நி இகிமஸ்" என்கிறார்கள். நம் 'உக்கு' நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'நி' நிற்கிறது. ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரண்டு மொழிகளும் உறவுக்கார மொழிகள் என்றே புத்தகங்கள் எழுதினார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக் கொள்ளவில்லை. உறவு உண்டோ இல்லையோ, படிக்கிறவளுக்கு லாபம்தான்.

எழுத்துத்தான் கொஞ்சம் சங்கடம். ஹிராகனா, கடகானா என்று இரண்டு நெடுங்கணக்குகள். ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துக்கள். இவற்றோடு 'கன்ஜி' என்ற சித்திர எழுத்துக்கள் வேறு. அன்றாட உபயோகத்துக்கென்று அரசாங்கம் வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. நம் ஊர்க் கஞ்சியைப் போல ஒரே மூச்சில் குடித்துவிட முடியாது! நல்ல வேளையாக, அத்தனையும் தெரிந்துதான் புறப்பட வேண்டும் என்பதில்லை. தொழில் தேர்வோடு, ஜப்பானிய மொழித் தேர்வில் 'என்-4' என்ற ஆரம்ப நிலை தேறினால் இந்த விசாவுக்குப் போதும்.

போய் இறங்கிய பிறகு? விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டை கொடுக்கிறார்கள். வீடு அமைந்த 14 நாளுக்குள் அந்த வட்டார அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். சுகாதார இன்ஷூரன்ஸுக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. அதனால் ஆஸ்பத்திரிச் செலவில் பத்துக்கு மூன்று பங்கு கொடுத்தால் போதும். பென்ஷனுக்கும் பிடிப்பார்கள். ஆறு மாதமாவது கட்டியவள், நாடு திரும்பிய இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டால் அதில் ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம். இது தெரியாமலே அந்தப் பணத்தை விட்டுவிடக் கூடாது.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. குப்பை போடுவதுதான் புதிது. எரியும் குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு ஒரு நாள். பாட்டிலைக் கழுவி, மூடியைத் தனியே எடுத்து, ஒட்டியிருக்கும் காகிதத்தையும் உரித்துத்தான் போட வேண்டும். நாள் தவறிப் போட்டால் மூட்டை அப்படியே கிடக்கும். அக்கம் பக்கத்தாரின் மனஸ்தாபமும் கூடவே கிடக்கும்.

சோறு? தாராளமாகக் கிடைக்கும். கொஞ்சம் ஒட்டிக் கொள்ளும் அரிசி. சைவக்காரர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் மிதக்கும் குழம்பில்கூட 'தஷி' என்ற மீன் சாறு கலந்திருப்பது வழக்கம். டோக்கியோவில் நிஷி-கஸாய் என்ற பேட்டையில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கின்றன. துவரம் பருப்பு விற்கும் கடைகளும் உண்டு. தொலைதூர ஊரில் வேலை கிடைத்தவள் பொடி வகைகளைப் பெட்டியில் எடுத்துப் போவது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். திருப்பூரில் ஷிப்டுக் கணக்கு, பீஸ் ரேட், சனிக்கிழமைச் சம்பளம் என்று பழகியவள் அவள். அங்கே சட்டம் வேறு. தையல் தொழிலில் இந்த விசாவில் ஆள் எடுக்கும் முதலாளி மாதச் சம்பளம்தான் கொடுக்க வேண்டும்; வேலை நேரத்தை மின்னணு முறையில் பதிய வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 'தொழில் பயிற்சி' என்ற பழைய திட்டத்தில் வந்த வெளிநாட்டுப் பெண்கள் பலரைத் தையற்கூடங்களில் இரவு பகலாக வேலை வாங்கி, ஓவர்டைம் கூலியை ஏமாற்றியதுண்டு. முதலாளியை விட்டு வேறிடம் போகவும் அந்தத் திட்டத்தில் பொதுவாக இடமில்லை. புதிய விசாவில் அதே தொழிலுக்குள் வேறு கம்பெனிக்கு மாறிக் கொள்ளலாம். ஆனால் ஒன்று: இதன் முதல் வகையில் மொத்தம் 5 வருஷம்தான் இருக்கலாம், கணவனையும் குழந்தையையும் அழைத்துப் போக முடியாது. வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் 'ஹோ-ரென்-ஸோ' என்று ஒரு பாடம் உண்டு. அந்தச் சொல்லுக்கு அவர்கள் பாஷையில் பசலைபோன்ற ஒரு கீரை என்றும் பொருள். வேலை முடிந்ததைச் சொல், விவரத்தைத் தெரிவி, சந்தேகம் வந்தால் கேள் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துக்கள் அவை. நம் பெண்கள் தடுமாறுவது இந்த மூன்றாவதில்தான். மேஸ்திரி ஏதோ சொல்கிறார்; பாதிதான் புரிகிறது. "புரியவில்லை என்றால் என்ன நினைப்பாரோ!" என்று தலையை ஆட்டி விடுகிறாள். 'ஹை' என்றும் சொல்லி வைக்கிறாள். புரிந்துவிட்டது என்று அவர் போய்விடுகிறார். மாலையில் ஒரு பெட்டித் துணி பாழ்!

ஆகையால் முதலில் படிக்க வேண்டிய சொல் 'வணக்கம்' அல்ல, 'வகரிமசென்'. 'புரியவில்லை' என்று அர்த்தம். அதை மெஷின் முன்னால் மட்டுமல்ல, சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதும் கூசாமல் சொல்ல வேண்டும். கூலி குறைந்தால் ஜப்பானில் தொழிலாளர் நியமக் கண்காணிப்பு அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரியின் புகாரையும் அங்கே வாங்கிக் கொள்வார்கள். திடீர் ஆபத்தானால் போலீசுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

இந்தச் சொல்லைப் பெற்றோரும் புறப்படுமுன் உபயோகிக்க வேண்டும், நம் பாஷையிலேயே. "இத்தனை லட்சம் கட்டுங்கள், கண்ணு ஜப்பானுக்குப் போய்விடும்" என்று ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், "புரியவில்லைங்க, எழுத்தில் கொடுங்க" என்று கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு நம் அரசாங்கம் வைத்திருக்கும் வரம்பு 30,000 ரூபாய், வரி தனி. ஏஜெண்டு பதிவு பெற்றவர்தானா என்பதை 'இ-மைக்ரேட்' என்ற அரசாங்க இணையதளத்தில் பார்த்துக் கொள்ளலாம். ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம், பிடித்தம், வாடகை மூன்றும் எண்களில் இருக்கட்டும். தோட்டத்தை அடமானம் வைத்துப் போகிறவள் கடனுக்குப் பயந்து அங்கே வாய் திறக்கமாட்டாள். கடனில்லாமல் போகிறவள்தான் "புரியவில்லை" என்று தைரியமாகச் சொல்வாள். இரண்டாம் முறை கேட்டுத் தெரிந்து கொள்வாள். சேர்த்த பணத்தோடு திரும்பியும் வருவாள்.