தமிழில் வளர்ந்த மேனாட்டு மருத்துவம்

மருத்துவம் போன்ற நுண்கலைகளைத் தமிழிற் கற்பித்தல் இயலுமோ என்னும் ஐயம் நம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நம் நாட்டில் விடை கிடைத்துவிட்டது. அவ்விடையை நல்கியவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் கூடிய மருத்துவர் குழுவினர்.

அமெரிக்க மிசனைச் சார்ந்த மருத்துவர் யோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எனினும், அப்பணியை முறையான கல்வியாக வளர்த்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே. 1822இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரிற் பிறந்த இவர், 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, மறு ஆண்டில் மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டார். நோயாளரைப் பார்ப்பதோடு நில்லாது, நம் இளைஞரையும் மருத்துவராக்கத் தலைப்பட்டார்.

இதே காலத்தில் யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் என்பாரின் முயற்சியால் 1850இல் ஒரு மருத்துவமனை எழுந்தது. ஆபத்தில் உதவும் நண்பர் எனப் பொருள்படும் ‘பிரண்ட்-இன்-நீட்’ சங்கம் அதனை நடத்தியது. கிறீனும் அவர் மாணாக்கரும் அங்கும் தொண்டாற்றினர். 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்ற அம்மனையே இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை.

தொடக்கத்திற் கல்வி ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போவதும், ஊரார் மருத்துவரின்றி நிற்பதும் கிறீனுக்குப் புலனாயின. ஆகவே, அமெரிக்கா சென்று 1862இல் மீண்டு வந்தபின், தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் கற்றவர் தமிழ்மக்கள் நடுவிலேயே வாழ்வர் என்பது அவர் கருத்து.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! 1857இற் பிரசவ வைத்தியம் முன்னரே வெளிவந்திருந்தது. 1867இல் இரணவைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும், 1875இற் கெமிஸ்தமும் தொடர்ந்தன. டன்போர்த், சாப்மன் என்னும் பெயர் பூண்ட தமிழ் மாணாக்கர் மொழிபெயர்ப்பிற் கைகொடுத்தனர். இவர்கள் அன்றேல் இவ்வேலை முற்றுப்பெற்றிராது.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர்கள் கொண்ட நெறி நம் கவனத்துக்குரியது. தமிழ்ச்சொல் கிடைப்பின் அதனைக் கொண்டனர். கிடையாவிடின் வடசொல்லை நாடினர். அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வடித்தனர். ‘கெமிஸ்தம்’ இக்கடைசி வகைக்குச் சான்று. இன்று அதனை இரசாயனவியல் என்கிறோம். சுகரணத்தை உடற்றொழிலியல் என்கிறோம். சொற்கள் மாறின, ஆயினும், முதற்சொல் படைக்க முனைந்தவர்க்கே பெருமை முதலிற் சேரும்.

கிறீன் சமயம் பரப்பும் நோக்குடன் வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், அவர் மொழிக்கும் நோயுற்றோர்க்கும் ஆற்றிய தொண்டு சமய எல்லை கடந்தது. அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றிவிட்டு 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் மொழிபெயர்ப்பைக் கைவிட்டிலர். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் மறைந்தார்.

இதற்கிடையே, 1870இற் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் எழுந்தது. பட்டமும் பதவியும் அவ்வழியே சென்றன. கிறீனுக்குப்பின் தமிழ்வழிக் கல்வி தேய்ந்தது. மொழியின் வறுமையன்று, ஆதரவின் வறுமையே அதற்குக் காரணமென்பது எம் துணிபு.

இவ்வரலாறு கண்டிச் சூழலில் வாழும் நமக்கு அந்நியமன்று. மடவளைக்கு அணித்தாகிய பேராதனையில் 1962இல் மருத்துவபீடம் தோன்றியது. அங்குக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது, அதனாற் பயனுண்டு, அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், தோட்டத்துத் தாய் தன் குழந்தையின் நோவைத் தமிழிலேயே உரைக்கின்றாள். அவளுக்கு நோயின் காரணத்தையும் மருந்துண்ணும் முறையையும் தெளிந்த தமிழில் விளக்கவல்லவரே முழு மருத்துவர்.

மருத்துவத் துறை புகுந்த பழைய மாணவரும், புகவிருக்கும் மாணவரும் இதனை உளங்கொள்வாராக. ஆண்டுக்கொரு கட்டுரையேனும் எளிய தமிழில் எழுதுவரேல், மானிப்பாயில் இடப்பட்ட வித்து மலைநாட்டிலும் தழைக்கும்.