எல்லாப் பாடமும் பிடிக்குமா? ஆராய்ச்சிக்கு அதுவும் ஒரு வழி!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது.

"எனக்கு பிசிக்ஸும் பிடிக்கும், பயாலஜியும் பிடிக்கும்ப்பா. ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறேனே?" என்பாள் மகள்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்காதே. ஒண்ணை உருப்படியா படி" என்பார் அப்பா.

யார் சொல்வது சரி? ஆராய்ச்சிதான் லட்சியம் என்றால், மகளின் கேள்வியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

மறுபடியும் மாணவர் ஆனவர்

சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன், 1976-ல் அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்.டி. முடித்தார். ஆனால், மனம் உயிரியல் பக்கம் போனது. கையில் டாக்டர் பட்டம் இருந்தும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். நம் செல்களில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக, 2009-ல் இருவரோடு சேர்ந்து அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல்!

அவர் பட்டம் வாங்கிய பிறகு திரும்பி வந்து செய்ததை, இப்போது பட்டப்படிப்பிலேயே தொடங்க முடிகிறது.

ஐந்து வருடப் படிப்பு

'ஐசர்' என்று அழைக்கப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் 2006-ல் புனே, கொல்கத்தாவில் தொடங்கின. இன்று ஏழு ஊர்களில் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். இங்கே ஐந்து வருட பி.எஸ்-எம்.எஸ். படிப்பில், ஆரம்ப செமஸ்டர்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் படிக்க வேண்டும். பிறகுதான் பிடித்த துறையில் ஆழமாக இறங்குவார்கள். கடைசி வருடம் முழுக்க ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலில் சொந்த ஆய்வு. சேர்வதற்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு.

இதனால் என்ன லாபம்?

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். வைரஸைப் புரிந்துகொள்ள உயிரியல் வேண்டும். மழையும் வெயிலும் கொசுவை எப்படிப் பெருக்குகின்றன என்று பார்க்க வானிலைத் தகவல் வேண்டும். அடுத்து எந்தப் பகுதியில் பரவும் என்று கணிக்கப் புள்ளியியல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே செய்யப்போவதில்லை. ஆனால், பக்கத்து மேஜையில் இருப்பவர் பேசுவது புரிந்தால்தான் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும். அந்தப் பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பு தருகிறது.

கடைசி வருட ஆய்வு இன்னொன்றையும் கற்றுத்தரும். பாடப்புத்தகக் கணக்குக்கு விடை உண்டு. ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்தும் விடை வராமல் போகலாம். அதைத் தாங்கும் மனசு இருக்கிறதா என்பது பிஎச்.டி.க்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

அப்பாவின் பயமும் நியாயம்தான்

எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு எதிலும் கை தேறாமல் வெளியே வந்தால் கஷ்டம். பிஎச்.டி. சேர்க்கையிலும் நேர்காணலிலும், "உனக்கு நன்றாகத் தெரிந்தது எது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வெங்கியும் இயற்பியலில் ஆழமாக இறங்கிய பிறகுதான் உயிரியலுக்கு வந்தார்.

காலமும் ஒரு கணக்கு. பிஎச்.டி.யையும் சேர்த்தால் பிளஸ் டூவுக்குப் பிறகு பத்து வருடம்கூட ஆகலாம். ஆனால், அத்தனை வருடமும் வீட்டுப் பணத்தில் படிக்க வேண்டும் என்பதில்லை. நெட் தேர்வு மூலம் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெறுபவர்களுக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள்.

சேரும் முன் கேளுங்கள்

பல கல்லூரிகள் இப்போது 'இரு துறைப் படிப்பு' என்று விளம்பரம் செய்கின்றன. பெயரைப் பார்த்து மயங்காமல் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். கடைசி வருடத்தில் உண்மையான ஆய்வு உண்டா? ஒரு பாடத்திலாவது முதுகலை அளவுக்கு ஆழம் கிடைக்குமா? முன்பு படித்தவர்கள் எங்கே பிஎச்.டி. செய்கிறார்கள்?

முடிந்தால் அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம் மகளைப் பேச வையுங்கள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்!