வேலை தேடுவோர்க்குச் சில யோசனைகள்

வயலில் வேலை ஓய்ந்த நாட்களிலும், தறிக்குப் பாவு கிடைக்காத நாட்களிலும், நம் கொமரலிங்கம் வட்டாரத்து இளைஞர்கள் உடுமலைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லுகின்றனர். நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளுள் பலர், ‘முன் அனுபவம்’ என்னும் இடத்தில் ‘இல்லை’ என்றே எழுதிவிடுகின்றனர். அது சரியன்று.

குழித்தறியில் அமர்ந்து அறுந்த இழையைப் பிணைத்தவர்க்குத் துணியின் குறை உடனே கண்ணிற்படும். பனியன் கம்பெனியின் செக்கிங் வேலைக்கு வேண்டிய முதல் தகுதி அதுவே. கரும்புத் தோட்டத்தில் ஆள் கணக்கும் உரக் கணக்கும் எழுதியவர், கிடங்கில் சரக்குக் கணக்கு எழுத வல்லவர். ஆகவே, ‘கடின உழைப்பாளி’ என்னும் பொதுச் சொல்லை விடுத்து, என்ன வேலை, எத்தனை ஆண்டு, நாளொன்றுக்கு எவ்வளவு என்று எழுதுக. ஒரு தாள் போதும். தெரியாததைத் தெரியும் என்று எழுத வேண்டா. ஓவர்லாக் இயந்திரத்தின்முன் அமர்த்திய ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

நற்சாட்சி வேறு, சிபாரிசு வேறு. பெரிய மனிதரின் பெயரைக் காட்டிலும், நம் வேலையை நேரிற்கண்ட ஆசிரியர் அல்லது மேஸ்திரியின் சொல்லே பயன்படும். அவரது இசைவைப் பெற்ற பின்னரே அவர் பெயரை எழுதுதல் முறை. கூட்டுறவுச் சங்கங்களில் உதவியாளர் வேலைக்கோ, மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்துகிறது. சிபாரிசு தேடி அலையும் நாட்களில் கூட்டுறவுப் பயிற்சியை முடித்துக்கொள்வது நலம்.

நேர்முகத் தேர்வில் விடை கூறுவதோடு நில்லாமல், பணிவாக நாமும் கேட்க வேண்டியவை சில உண்டு. கூலி ஷிப்டுக்கா, பீஸுக்கா? மிகைநேரத்துக்கு என்ன கணக்கு? விடுதிக்கும் உணவுக்கும் பிடித்தம் எவ்வளவு? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதி உண்டு. அதற்குரிய 12 இலக்க எண்ணைக் கேட்டுப் பெறுக. கம்பெனி மாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்த ‘சுமங்கலித் திட்டம்’ நம் பகுதி அறிந்ததே. நோயுற்று இடையில் திரும்பிய பலர் அத்தொகையை இழந்தனர். நாம் அறிந்த ஒரு பெண், சேரும்போது மூலச் சான்றிதழ்களையும் ஓர் ஆலையில் ஒப்படைத்துவிட்டாள். வெளியேறிய பின் அவற்றை மீட்பதற்குள், வேறொரு வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்துவிட்டது. மூலத்தைக் காட்டுக, நகலை மட்டும் கொடுக்க. மாதக் கூலியை மாதந்தோறும் பெறுக.

வேலை கேட்பது யாசகம் அன்று. கற்ற கைத்திறனுக்குரிய விலையைக் கேட்பதேயாகும். விண்ணப்பம் எழுதத் தயங்குவோர் தம் சான்றிதழ் நகல்களுடன் சங்கத்துக்கு வரலாம். உடனமர்ந்து எழுத நாம் சித்தமாயிருக்கிறோம்.